மெதுவா மாஸ்டரின் இடது கை

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியின் பலகையில் முதலாளியின் பெயர்தான் பெரிதாக இருந்தது. ஆனால் கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வந்தவர்கள் எல்லோரும் வாசலில் நின்று கேட்டது, “மெதுவா மாஸ்டர் இருக்காரா?” என்றுதான். இருபத்தெட்டு வருடமாக அவர் வாயிலிருந்து அதிகம் வந்த சொல் அது. கிளட்சை மெதுவா விடுங்க. ஸ்டியரிங்கை மெதுவா ஒடிங்க. பயப்படுறதாயிருந்தா அதையும் மெதுவா பயப்படுங்க. பட்டப்பெயரை யார் வைத்தார்கள் என்று அவருக்கே தெரியாது. அதில் வருத்தமும் கிடையாது. “வேகம் மாஸ்டர்னு பேர் வெச்சிருந்தா எவன் வந்து சேருவான்?” என்பார்.

நானும் அவரிடம்தான் கற்றேன். அவருடைய வண்டியில் கிளட்சும் பிரேக்கும் இரண்டு ஜோடி. ஓட்டுபவர் காலடியில் ஒன்று, இடது பக்கத்து இருக்கையில் இருக்கும் அவர் காலடியில் ஒன்று. பின்னால் வருவதைப் பார்க்கும் கண்ணாடிக்குக் கீழே, தன் வசதிக்காக இன்னொரு சின்னக் கண்ணாடியும் ஒட்டிவைத்திருந்தார். சந்திப்பில் நாம் பதறிப்போய்க் காலை எடுத்துவிடும்போது, அவருடைய இடது கால் சத்தமில்லாமல் தன் பக்கத்துக் கிளட்சை அழுத்திவிடும். வண்டி அணையாது. உடனே, “பாத்தீங்களா, நீங்களே சமாளிச்சிட்டீங்க,” என்பார். ஒரு நாளைக்குப் பத்துப் பொய்யாவது இப்படிச் சொல்லியிருப்பார். அந்தப் பொய்களை நம்பித்தான் எங்களில் பாதிப் பேர் உரிமம் வாங்கினோம்.

அடுத்தவர் காலடியில் அவ்வளவு கவனமாக இருந்த மனிதருக்குத் தன் உடம்பின் மேல் கவனம் இல்லை. ஐம்பத்துநான்கு வயது. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை உண்டு. ஞாபகம் வந்தால் போடுவார். சிகரெட்டை விட்டு ஆறு வருடம் ஆகியிருந்தது, அதனால் தான் திருந்திவிட்டதாக ஒரு நினைப்பு. அந்த வருடம் கடைவாய்ப் பல் ஒன்று சொத்தையாகி, ஈறு வீங்கி, அழுத்தினால் சீழ் வந்தது. மூன்று வாரம் கிராம்பும் கடையில் வாங்கிய வலி மாத்திரையுமாக ஓட்டினார். பல் டாக்டரிடம் போகச் சொல்லி மனைவி தினமும் சொல்லிக்கொண்டிருந்தார். மனைவி ஒரு குழந்தைகள் காப்பகத்தில் வேலை பார்ப்பவர். சொன்னதையே நூறு தடவை பொறுமையாகச் சொல்லிப் பழகியவர். மாஸ்டர் காதில் மட்டும் அது ஏறவில்லை.

“டெஸ்ட் தேதி பக்கத்துல இருக்கு. பன்னெண்டு பேர் இருக்காங்க. முடிஞ்சதும் போறேன்,” என்றார்.

அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருவர் ஆப்பரேட்டர் அம்மா. நாற்பத்தெட்டு வயது. ஒரு நடுத்தர மருத்துவமனையின் தொலைபேசி இணைப்பகத்தில் பதினொரு வருடமாக உட்கார்ந்திருப்பவர். வருகிற அழைப்பை எடுத்து, எந்தப் பிரிவுக்கு வேண்டுமோ அங்கே மாற்றிவிட்டு, நேரத்தைக் குறித்துக்கொள்வது வேலை. இரண்டு தடவை ஓட்டுநர் தேர்வில் தோற்றிருந்தார். கிளட்சை முழுதாக விடவே மாட்டார். எப்போதும் கால் பாதி அழுத்தத்திலேயே இருக்கும். மாஸ்டர் அவருக்கு ‘அரைக் கிளட்ச்’ என்று பெயர் வைத்து, அப்படியே அவர் முகத்துக்கு நேரே கூப்பிடவும் செய்தார். அந்த அம்மாவும் சிரித்துக்கொள்வார்.

சம்பவம் நடந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். ஏழு மணிக்கு வகுப்பு தொடங்கியது. தண்ணீர்த் தொட்டி ஏற்றத்தில் வண்டியை நிறுத்தி, பின்னால் உருளாமல் எடுக்கும் பயிற்சி. மாஸ்டர் வழக்கம்போலப் பேசிக்கொண்டு வந்தார். மூன்றாவது முயற்சியில் வண்டி ஒழுங்காக ஏறியது. “இன்னிக்கு முக்கால் கிளட்ச் ஆயிட்டீங்க,” என்றார். அது தெளிவாகக் காதில் விழுந்தது என்று ஆப்பரேட்டர் அம்மா பிறகு டாக்டரிடம் அடித்துச் சொன்னார்.

இறங்கிவந்து சந்திப்பில் நின்றபோது வண்டி குலுங்கி அணைந்துவிட்டது. அது வழக்கமில்லை. அந்த மாதிரி இடத்தில் மாஸ்டரின் கால் வந்துவிடும். ஆப்பரேட்டர் அம்மா மறுபடி சாவியைத் திருப்பினார். அப்போது மாஸ்டர் “மெழுவா” என்றார்.

“என்ன மாஸ்டர்?”

“மெழுவா, மெழுவா.”

வாயில் எதையோ போட்டுக்கொண்டு பேசுவதுபோல இருந்தது. பல்வலி என்று நினைத்துக்கொண்டு ஆப்பரேட்டர் அம்மா தற்செயலாக அந்தச் சின்னக் கண்ணாடியைப் பார்த்தார். பக்கத்திலிருந்து பார்க்கும்போது தெரியாத முகத்தின் மறுபாதி அதில் தெரிந்தது. வாயின் இடது ஓரம் கீழே இறங்கியிருந்தது. கன்னம் தொங்கியது. இடது கை ஜன்னலுக்கு வெளியே, துவைத்துப் போட்ட துணிபோல ஆடிக்கொண்டிருந்தது.

“மாஸ்டர், கையை உள்ள எடுங்க. பஸ் வருது.”

“உள்ளதானே இருக்கு,” என்றார் அவர், வெகு சாதாரணமாக.

ஆப்பரேட்டர் அம்மா வண்டியை ஓரம்கட்டினார். சுற்றிவந்து, அந்தக் கையைத் தூக்கி அவர் மடியில் வைத்துக் கதவை மூடினார். கை கனமாக இருந்தது. திரும்பி வந்து உட்கார்ந்ததும் மாஸ்டர் குனிந்து தன் மடியைப் பார்த்தார். பிறகு கொஞ்சம் சங்கடத்தோடு சொன்னார்:

“அம்மா, உங்க கையை எடுத்துக்கங்க.”

அந்த அம்மாவின் இரண்டு கைகளும் ஸ்டியரிங்கில் இருந்தன.

பதினொரு வருடத்தில் எத்தனையோ பேர் பதற்றத்தோடு தொலைபேசியில் சொல்ல அவர் கேட்டிருக்கிறார். முகம் கோணிக்கிச்சு, பேச்சு குழறுது, ஒரு பக்கம் விழுந்துடுச்சு. ஒவ்வொரு தடவையும், “இங்க அதுக்கு வசதி இல்லங்க, நேரா பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க, லேட் பண்ணாதீங்க,” என்று அவர்தான் சொல்வார். இப்போது அதைத் தனக்கே சொல்லிக்கொண்டார். டாஷ்போர்டில் மணியைப் பார்த்தார். ஏழு இருபத்திரண்டு. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டு, அது காலைக் கூட்டத்தில் வந்து சேருவதற்குள் தானே போய்விடலாம் என்று கணக்குப் போட்டார். பெரிய ஆஸ்பத்திரி நாலு கிலோமீட்டர்.

மாஸ்டர் ஒத்துக்கொள்ளவில்லை. “எனக்கு ஒண்ணும் இல்ல. ஸ்கூலுக்குத் திருப்புங்க. எட்டு மணிக்கு அடுத்த ஆள் வந்துருவாங்க,” என்று குழறிக்கொண்டே கட்டளையிட்டார். வலப் பக்கம் திரும்பச் சொன்னார். ஆப்பரேட்டர் அம்மா நேராகப் போனார். நாலு மாதமாக அவர் சொன்ன சொல்லைத் தட்டாத அந்த அம்மா அன்றுதான் முதல்தடவையாக அவர் பேச்சைக் கேட்கவில்லை. ஓட்டும்போது அவருக்கு இருந்த பயம் இரண்டு. ஒன்று மாஸ்டருக்கு என்ன ஆகுமோ என்பது. இன்னொன்று, இனிமேல் தன்னைக் காப்பாற்றப் பக்கத்தில் ஒரு கால் இல்லை என்பது. நாலு சிக்னல். ஒன்றில்கூட வண்டி அணையவில்லை. ஆனால் அவசரப் பிரிவு வாசலில் ஆம்புலன்ஸ் நிற்கிற இடத்தில் குறுக்கே கொண்டுபோய் நிறுத்தி, காவலாளியிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்.

உள்ளே இளவயது டாக்டர் ஒருவர் வந்தார். அவர் முதலில் கேட்டது பெயரை அல்ல.

“கடைசியா எத்தனை மணிக்கு நல்லா இருந்தாரு?”

“ஏழு பதினெட்டுக்கு நல்லாப் பேசினாரு. ஏழு இருபத்திரண்டுக்குக் குழறிச்சு.”

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். “தோராயமாவா?”

“இல்லைங்க. நேரம் குறிக்கிறதுதான் எனக்கு வேலையே.”

அடைப்பைக் கரைக்கிற மருந்து ஒன்று உண்டு. பக்கவாதம் ஆரம்பித்து நாலரை மணி நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும், எவ்வளவு முன்னால் கொடுக்கிறோமோ அவ்வளவு நல்லது என்றார்கள். தூக்கத்தில் வந்துவிட்டால் எப்போது ஆரம்பித்தது என்று தெரியாமல் பலருக்கு அந்த மருந்து கிடைக்காமலே போகும். மாஸ்டருக்கு அந்தச் சந்தேகம் இல்லை. தலையை ஸ்கேன் எடுத்து, உள்ளே ரத்தக்கசிவு இல்லை, அடைப்புதான் என்று உறுதி செய்தார்கள். ஏறிக் கிடந்த ரத்த அழுத்தத்தை ஊசி போட்டு இறக்கினார்கள். அதற்குள் மனைவி காப்பகத்து மேலங்கியோடு ஓடிவந்துவிட்டார். பின்னாலேயே மகள். மகள் ஒரு அச்சகத்தில் பக்கம் அமைப்பவள்.

டாக்டர் மனைவியிடம் ஒளிக்காமல் சொன்னார். மருந்து ரத்தக்கட்டியைக் கரைக்கும். ஆனால் நூற்றில் ஆறு பேருக்கு அதே மருந்தால் மூளைக்குள் ரத்தம் கசியலாம். மனைவி கட்டிலைப் பார்த்தார். மாஸ்டர் கூரையின் வலது மூலையையே பார்த்துக்கொண்டு, “எட்டு மணி ஆளுக்கு போன் பண்ணிச் சொல்லிடுங்க,” என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்.

“குடுங்க,” என்றார் மனைவி.

எட்டு நாற்பதுக்கு மருந்து ஏறத் தொடங்கியது. பத்தரைக்குப் பேச்சு கொஞ்சம் தெளிந்தது. பதினோரு மணிக்கு இடது காலைக் கட்டிலில் இழுத்து மடக்கினார். கை மட்டும் அசையவில்லை.

மாலையில் மூத்த நரம்பியல் டாக்டர் வந்தார். நரைத்த கொண்டை போட்ட பெண்மணி. மனைவியையும் மகளையும் வராந்தா பெஞ்சில் உட்காரவைத்துத் தானும் பக்கத்தில் உட்கார்ந்தார். என்ன நடந்தது என்று மகள் கேட்டாள்.

“கையில கத்தி பட்டா என்ன ஆகும்?” என்று டாக்டர் திருப்பிக் கேட்டார்.

“ரத்தம் வரும்.”

“அப்புறம்?”

“நின்னுடும். கட்டி தட்டும். சுத்தி வீங்கும்.”

“அவ்வளவுதான் இங்கயும் நடந்தது. ரத்தம் உறையறது ஓட்டையை அடைக்க. வீங்கிச் சிவக்கிறது, கிருமி வந்தா பிடிக்கிறதுக்கு உடம்பு தன் ஆளுங்களை அங்க அனுப்புறதால. ரெண்டும் இல்லேன்னா நாம ஒரு முள்ளு குத்தினாலே செத்துப்போயிடுவோம். உங்க அப்பாவுக்கு அந்த ரெண்டும் நடக்கக் கூடாத இடத்துல நடந்திருக்கு.”

மாஸ்டரின் கழுத்தில் வலப்பக்கம் மூளைக்குப் போகிற பெரிய ரத்தக்குழாயில் வருடக்கணக்காகக் கொழுப்பு படிந்திருந்தது. உடம்பின் காவல் அணுக்கள் அதை வேண்டாத பொருளாக நினைத்து அங்கே போய்க் கூடியிருந்தன. அவற்றால் அதை அப்புறப்படுத்த முடியவில்லை. விட்டு விலகவும் இல்லை. அந்த இடம் வெளியே வலியே தெரியாத ஆறாத புண்ணாக உள்ளுக்குள் கனன்றுகொண்டிருந்தது. அழற்சி என்று டாக்டர் சொன்னார். அழற்சி அந்தப் படிவின் மேல் மூடியை அரித்து அரித்து மெலிதாக்கியது. செவ்வாய்க்கிழமை காலையில் அது கிழிந்தது. ஓடிக்கொண்டிருந்த ரத்தம் கிழிசலைக் கண்டதும் காயம் என்று எண்ணி அதன்மேல் உறைந்தது. உறைந்ததிலிருந்து ஒரு துணுக்கு பிய்ந்து மேலே போய், வலப்பக்க மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் கிளையில் சிக்கிக்கொண்டது. வலப்பக்க மூளைதான் இடது கையையும் காலையும் ஆள்வது.

மனைவி கேட்டார்: “மூணு வாரமா பல்லுல சீழ் வெச்சிருந்தாருங்க. அதனாலயா?”

“அப்படி ஒத்தையா ஒண்ணைக் கை காட்ட முடியாதும்மா. பிரஷர் இருக்கு, பழைய சிகரெட் இருக்கு. ஆனா உடம்புல எங்கயாவது ஒரு மூலையில சீழும் வீக்கமும் நீடிச்சா, மொத்த ரத்தமும் உறையறதுக்குத் தயாரா நிக்கும். பல்லும் தன் பங்குக்கு ஒரு கை குடுத்திருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்.”

மனைவி அதைத் தன் பாணியில் எடுத்துக்கொண்டார். நூறு தடவை சொன்னேன், நூற்றியோராவது தடவை கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருக்க வேண்டும் என்று பல நாள் நினைத்து நினைத்து மருகினார்.

அடைப்பு திறந்துவிட்டது என்று எல்லோரும் மூச்சு விட்ட பிறகுதான் இரண்டாவது அடி விழுந்தது. மூன்றாம் நாள் காலை மாஸ்டர் எழுப்பினால் எழவில்லை. கண்ணைத் திறந்தார், மூடினார். கேட்டதற்கு முனகினார். காய்ச்சல் இருந்தது. மகள் டாக்டரைத் தேடிப் பிடித்தாள்.

“கட்டி கரைஞ்சிடுச்சுன்னுதானே சொன்னீங்க? ஸ்கேன்லயும் காட்டினீங்களே?”

“கரைஞ்சிடுச்சு. இது அது இல்லம்மா.” டாக்டர் குரலைத் தாழ்த்தவில்லை, ஏற்றவும் இல்லை. “ரத்தம் கிடைக்காம இருந்த அந்தக் கொஞ்ச நேரத்துல மூளையில ஒரு பகுதி போயிடுச்சு. போனதைச் சுத்தம் பண்ண உடம்பு ஆள் அனுப்புது. அவங்க வந்தா வீங்கும். கால் வீங்கினா வெளிய வீங்கிக்கும். மூளை எங்க வீங்கும்? மண்டை ஓடு இடம் குடுக்காதே. அது மட்டும் இல்ல. வீக்கம் இருக்கற இடத்துல சின்னக் குழாயெல்லாம் பிசுபிசுன்னு ஆயிடும், ரத்தம் திரும்பவும் அங்க ஒட்டப் பாக்கும். உறையறது வீக்கத்தைக் கூப்பிடும், வீக்கம் உறையறதைக் கூப்பிடும்.”

“அதை நிறுத்த மருந்து இல்லையா?”

“முழுசா நிறுத்தவும் கூடாது. சுத்தம் பண்ற வேலையும் நடக்கணுமே. அளவுக்கு மீறாமப் பாத்துக்கறதுதான் எங்க வேலை. ரெண்டு நாள் பொறுத்துக்கங்க.”

தலைமாட்டை உயர்த்தி வைத்தார்கள். நீரை வடிக்கும் மருந்து ஏற்றினார்கள். மணிக்கொரு தடவை ஒரு நர்ஸ் வந்து கண்மணியில் டார்ச் அடித்துப் பார்த்தார். தேவைப்பட்டால் மண்டை ஓட்டில் ஒரு பகுதியைத் திறந்து வீக்கத்துக்கு இடம் கொடுக்க வேண்டியிருக்கும் என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொண்டார்கள். அந்த இரண்டு நாளும் மனைவியும் மகளும் வராந்தாவில் மாறி மாறி உட்கார்ந்திருந்தார்கள். ஆப்பரேட்டர் அம்மா வேலை முடிந்து நேராக அங்கே வந்து, அவர்களோடு கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போவார்.

தாளுக்கு வேலை வரவில்லை. ஐந்தாம் நாள் காலை மாஸ்டர் கண் விழித்துத் தெளிவாகக் கேட்டார்: “வண்டியை எங்க நிறுத்தியிருக்கீங்க?”

பிறகு நான் பார்க்கப் போனபோது அவர் தலையணைமேல் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். டாக்டர் சொன்னதையெல்லாம் மகள் அவருக்கு விளக்கியிருந்தாள்.

“குடிச்சுட்டு வந்து எவனாவது மோதியிருந்தா அவனைத் திட்டலாம்,” என்றார் என்னிடம். “கிருமி வந்துச்சுன்னா கிருமியைத் திட்டலாம். இதுல யாரைத் திட்டுறது? ரத்தம் என்னைக் காப்பாத்த வந்துச்சு. வீக்கமும் காப்பாத்தத்தான் வந்துச்சு. எல்லாம் நம்ம ஆளுங்க.” கொஞ்சம் யோசித்தார். “நல்ல எண்ணத்துல ஆளுக்கு ஒரு பக்கம் ஓடி வந்து, எல்லாரும் சேந்து வீட்டையே இடிச்சுட்டாங்க.”

சிரித்தார். சிரிப்பு வலது பக்கம் மட்டும் வந்தது.

அவருக்கு இருந்த பெரிய சிக்கல் கையோ காலோ அல்ல என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் எல்லோருக்கும் புரிந்தது. முதல் நாள் காலையில் தட்டில் ரொட்டியும் முட்டையும் வைத்தார் மனைவி. மாஸ்டர் ரொட்டியைத் தின்றுவிட்டு, “இவ்வளவுதானா?” என்று கேட்டார். தட்டின் இடது பாதியில் முட்டை தொடப்படாமல் இருந்தது. மனைவி தட்டை அரைச் சுற்றுத் திருப்பி வைத்தார். மாஸ்டர் முட்டையைப் பார்த்து, “இதை எப்ப வெச்சே?” என்றார்.

கண்ணில் பழுதில்லை. ஆனால் இடது பக்கம் என்று ஒன்று உலகத்தில் இருப்பதை அவர் மூளை கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. சவரம் செய்தால் வலக் கன்னம் மட்டும் வழுவழுப்பாக இருக்கும். பயிற்சி கொடுக்க வந்த பிசியோதெரபிஸ்ட் ஒரு வட்டம் போட்டுக் கடிகாரம் வரையச் சொன்னார். மாஸ்டர் பன்னிரண்டு எண்களையும் வலது அரைவட்டத்துக்குள் நெருக்கியடித்து எழுதிவிட்டு, சரியாக இருக்கிறது என்று நீட்டினார். தவறு என்று சொன்னால் அவருக்குக் கோபம் வரும். இருபத்தெட்டு வருடம் யாரிடமும் குரல் உயர்த்தாத மனிதர், “எல்லாரும் சேந்து என்னைப் பைத்தியம் ஆக்கப் பாக்கறீங்களா?” என்று மகளிடம் கத்தினார். கை கொஞ்சம் பலம் வந்ததும் வேலைக்குப் போகப் போவதாகச் சொன்னார். பள்ளி முதலாளிக்கும் போன் செய்துவிட்டார்.

இதற்கிடையில் கழுத்துக் குழாயில் அறுவை சிகிச்சை செய்து படிவை எடுக்க வேண்டும் என்று டாக்டர்கள் முடிவு செய்திருந்தார்கள். அதற்கு முன்னால் வாயில் சீழ் இருக்கக் கூடாது. ஆகவே பல் டாக்டரிடம் போனார். மனைவிதான் கூட்டிக்கொண்டு போனார், கையைப் பிடித்து.

ரத்தம் ஒட்டாமல் இருக்க அவர் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அதை நிறுத்தவும் முடியாது. பல்லைப் பிடுங்கியாயிற்று, ரத்தம்தான் நிற்கவில்லை. பல் டாக்டர் பஞ்சைச் சுருட்டி வைத்து, இறுக்கிக் கடித்துக்கொள்ளச் சொன்னார். அரை மணி நேரம் ஆயிற்று. பஞ்சை மாற்றினார். மறுபடி அரை மணி நேரம்.

“ஒரு கட்டி பிடிக்கணும் சார்,” என்றார் பல் டாக்டர். “அந்தக் குழியில ரத்தம் உறைஞ்சு ஒரு கட்டி உக்காந்தாத்தான் புண்ணு ஆறும். உக்காந்ததும் அதை நாக்கால நோண்டாதீங்க. வாய் கொப்பளிச்சுத் துப்பாதீங்க. பத்திரமாப் பாத்துக்கங்க.”

மாஸ்டர் வாயில் பஞ்சோடு மனைவியைத் திரும்பிப் பார்த்தார். மனைவி அவருக்கு வலப்பக்கம் உட்கார்ந்திருந்தார். எந்தக் கட்டியைக் கரைக்க அன்று அத்தனை பேர் ஓடினார்களோ அதே கட்டி வராதா என்று இன்று இரண்டு பேரும் ஒரு மணி நேரமாகக் காத்துக்கொண்டிருந்தார்கள். மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்து முடியாமல் கண்ணில் நீர் வரச் சிரித்தார். ஆஸ்பத்திரி வராந்தாவில் அழாத அழுகையெல்லாம் அதில் சேர்ந்து வந்தது என்றார் என்னிடம். மாஸ்டர் சிரிக்க முடியாமல் பஞ்சைக் கடித்துக்கொண்டு அவர் முழங்கையைத் தட்டிக்கொடுத்தார்.

கட்டி பிடித்தது. புண் ஆறியது. ஆறாவது வாரம் கழுத்து அறுவையும் நல்லபடியாக முடிந்தது. எடுத்த படிவை அறுவை டாக்டர் மகளுக்குக் காட்டினார். சுண்டுவிரல் நுனி அளவு, மஞ்சளாக, ஒரு ஓரத்தில் ரத்தச் சிவப்பாக ஒரு கிழிசல்.

ஆனாலும் வேலைக்குப் போகிற பிடிவாதம் குறையவில்லை. மகள்தான் அதற்கு ஒரு வழி கண்டாள். வாதாடவில்லை. ஒரு வாரம் அப்பா வீட்டுக்குள்ளும் தெருவிலும் நடப்பதையெல்லாம் கைபேசியில் படம் பிடித்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அவருக்கு வலப்பக்கம் உட்கார்ந்து, அவர் நன்றாகப் பார்க்கிற இடத்தில் கைபேசியைப் பிடித்துக்கொண்டு ஓடவிட்டாள்.

“அப்பா, இவரு உங்ககிட்ட கத்துக்க வந்த ஆளுன்னு வெச்சுக்கங்க. டெஸ்ட்டுக்கு அனுப்பலாமா சொல்லுங்க.”

மாஸ்டர் சாய்ந்து உட்கார்ந்து, பழைய பழக்கத்தில் பார்க்கத் தொடங்கினார். படத்தில் ஒரு மனிதர் கதவு நிலையில் இடது தோள் இடித்துக்கொண்டு போனார். “பாக்கல,” என்றார் மாஸ்டர். அந்த மனிதர் தெருவைக் கடக்கும்போது வலப்பக்கம் மட்டும் பார்த்துவிட்டு இறங்கினார். சைக்கிள் ஒன்று மணியடித்து வளைந்து போனது. “பாக்கவே இல்ல.” கடையில் தன் இடப்பக்கம் நின்றவர் பேசப் பேசத் திரும்பாமல் நின்றார். மாஸ்டர் ஒவ்வொன்றுக்கும் விரல் மடக்கிக்கொண்டு வந்தார். ஆறாவது விரலுக்கு வலக்கை முடிந்துபோய் இடது கையைத் தேட வேண்டியிருந்தது. அது நாற்காலிக்குக் கீழே தொங்கிக்கொண்டிருந்தது. அதை வலக்கையால் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

“அனுப்ப முடியாது,” என்றார்.

மகள் கைபேசியை அணைத்தாள். மறுநாள் காலை பிசியோதெரபிஸ்ட் வந்தபோது, “அந்தக் கடிகாரத்தைக் குடுங்க, இன்னொரு தடவை வரைஞ்சு பாக்கறேன்,” என்று தானே கேட்டார்.

எட்டு மாதம் உழைத்தார். தாளின் இடது ஓரத்தில் சிவப்பு மையால் ஒரு கோடு போட்டு, அந்தக் கோட்டைக் கண்டுபிடித்த பிறகே வரியைப் படிக்கத் தொடங்கும் பயிற்சி. வாசல்படியில் நின்று கழுத்தை முழுதாகத் திருப்பிப் பார்த்துவிட்டு இறங்கும் பயிற்சி. பாதிக்கு மேல் திரும்பி வந்தது. கடிகாரத்தில் ஒன்பது ஒன்பதின் இடத்தில் உட்கார்ந்தது. கையில் சட்டைப் பொத்தான் போடும் அளவுக்குப் பிடி வந்தது. ஆப்பரேட்டர் அம்மா இதற்குள் தேர்வில் தேறி, ஒரு பழைய சின்னக் கார் வாங்கி, அவரைப் பார்க்க அதிலேயே வந்துபோனார்.

வருடம் முடிந்தபோது, உரிமத்தை வைத்துக்கொள்ளலாமா என்று சோதிக்கும் மருத்துவக் குழுவின் முன்னால் போனார். ஒரு அறையில் திரைக்கு முன்னால் உட்காரவைத்து, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். அரை மணி நேரம். பரிசோதனை அதிகாரி முடிவைப் பார்த்துவிட்டு, “பரவாயில்லை சார், ஓரளவுக்கு வந்திருக்கு. எல்லைக்கோட்டுல இருக்கீங்க. ஆறு மாசம் கழிச்சு இன்னொரு தடவை பாத்துட்டு முடிவு பண்ணலாம்,” என்றார்.

மாஸ்டர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்.

“முதல் பத்து நிமிஷம் எனக்கு நல்லாத் தெரிஞ்சுது,” என்றார். “அப்புறம் களைப்பாயிடுச்சு. களைப்பாயிட்டா இடது பக்கம் போயிடுது. போயிடுச்சுன்னு எனக்குத் தெரியறதும் இல்ல. தெரிஞ்சா சமாளிச்சுக்கலாம். தெரியாம விடறவங்களை நான் ரோட்டுக்கு அனுப்பினதில்ல சார்.”

சட்டைப் பையிலிருந்து உரிமத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். அதிகாரி வேண்டாம் என்று சொல்லப் பார்த்து, அவர் முகத்தைப் பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டார்.

திரும்பும்போது பேருந்தில் வந்தார். அந்தச் சாலையில் பல்லாயிரம் தடவை போயிருக்கிறார். ஒரு தடவையும் கடைகளுக்கு மேலே இருக்கும் மாடிகளைப் பார்த்ததில்லை. ஒரு மாடியில் தையல் வகுப்பு நடந்தது. இன்னொன்றில் யாரோ ஒருவர் ஜன்னலோரம் உட்கார்ந்து காலணிக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தவறவிட்டு, அடுத்ததில் இறங்கி நடந்தார்.

மனைவி கதவைத் திறந்து, “என்ன சொன்னாங்க?” என்று கேட்டார்.

“அவங்க ஒண்ணும் சொல்லல. நான்தான் சொன்னேன்.”

இப்போது காலை பத்து மணி முதல் பன்னிரண்டு வரை பயிற்சிப் பள்ளியின் முன்னறையில் சாலை விதிகள் வகுப்பு எடுக்கிறார். பலகையில் எழுதும்போது சில நாள் எழுத்துகள் வலப்பக்கமே குவிந்துவிடும். யாராவது சொன்னால் அழித்துவிட்டு மறுபடி எழுதுகிறார். புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி போன வாரம் அவரிடம், “சார், வண்டி எடுக்கவே பயமா இருக்கு, என்ன பண்றது?” என்று கேட்டாள்.

“இருக்கட்டும்மா,” என்றார் மாஸ்டர். “பயம் இருந்தா சுத்தியும் பாப்பீங்க.”